எஸ் அண்ட் சி முதுநிலை: உடனே சேரலாமா, முதலில் களத்தில் நிற்கலாமா?

கேள்வி: ஜனவரி 9, காலை

அண்ணா, விளையாட்டு அறிவியல் இளங்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். ஜிம்மில் பகுதி நேரமாகப் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங்கில் (எஸ் அண்ட் சி, அதாவது விளையாட்டு வீரர்களின் பலத்தையும் உடல்தகுதியையும் வளர்க்கும் துறை) முதுநிலை சேர ஆசை. எங்கள் கோச், "சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போ, வகுப்பில் உட்கார்ந்து படிப்பது எதுவும் களத்தில் உதவாது" என்கிறார். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

படிப்பை முடித்து அதே வேலையில் இருப்பவன் சொல்கிறேன். சேருங்கள், ஆனால் இளங்கலை முடிந்த கையோடு வேண்டாம். ஏதாவது ஓர் அணியோடு ஒரு சீசன் முழுக்க இருந்துவிட்டுச் சேருங்கள்.

முதுநிலையில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி, களத்தில் ஏற்கெனவே எழுந்த கேள்விகளுக்கான பதில். கேள்வியே எழாதவருக்கு அது மண்டையில் ஏறாது. என் வகுப்பில் அணிகளோடு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், "ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள் ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுவது) கொடுத்தேன், ஆட்கள் வார இறுதி வரை காலை இழுத்துக்கொண்டு நடந்தார்கள், எங்கே தவறியது?" என்று கேட்பார்கள். நேராகச் சேர்ந்தவர்கள் தேர்வுக்கு எது வரும் என்று கேட்பார்கள். அவர்கள் மதிப்பெண் நன்றாகவே வாங்கினார்கள். ஆனால் திங்கட்கிழமை படித்ததைப் புதன்கிழமை பயன்படுத்தியவர்கள் முதல் வகையினர்தான்.

சான்றிதழையும் பட்டத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அமெரிக்காவின் எஸ் அண்ட் சி சங்கமான என்எஸ்சிஏ தரும் சிஎஸ்சிஎஸ் சான்றிதழுக்கு இளங்கலைப் பட்டமும் சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்றும் வேண்டும். அறிவியல் ஒரு பகுதி, நடைமுறை ஒரு பகுதி என்று தேர்வு உண்டு. நடைமுறைப் பகுதியில் வீடியோவைப் பார்த்து நுட்பப் பிழையைச் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் பளு தூக்கும் பாரைத் தொட வேண்டியதில்லை. பிரிட்டனின் எஸ் அண்ட் சி சங்கமான யுகேஎஸ்சிஏ தரும் அங்கீகாரம் வேறு மாதிரி. எழுத்துத் தேர்வோடு பளு தூக்கிக் காட்ட வேண்டும், தாவல் பயிற்சிகளைச் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும், ஒரு வீரருக்கு நீங்கள் வகுத்த திட்டத்தை எடுத்துவைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதுவானாலும் சான்றிதழ் சொல்வது, இவரிடம் ஆட்களை ஆபத்தில்லாமல் ஒப்படைக்கலாம் என்பதை.

முதுநிலையில் எனக்குக் கிடைத்தது வேறு: ஓர் எண் உண்மையிலேயே மாறியிருக்கிறதா, மாறியது போலத் தெரிகிறதா என்று நின்று பார்க்கும் பழக்கம். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதைக் களத்தில்தான் கற்றேன். அதனால் உங்கள் கோச் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 9, இன்னும் கொஞ்சம்

ஒன்று விட்டுப்போயிற்று. ஜிம்மில் தனிநபர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை அணி அனுபவமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே வருபவர் உங்களை நம்பி வருகிறார், நேரம் முழுக்க உங்களுடையது. அணியில் தலைமைக் கோச், பிசியோ, மருத்துவர், ஆட்ட அட்டவணை எல்லாம் உங்களுக்கு முன்னால் நிற்கும். நாற்பது நிமிடம் கேட்டால் இருபத்தைந்து கிடைக்கும். அதற்குள் இருபது பேர், பார் வைக்கும் ரேக் நான்கு, இருவருக்கு முழங்கால் வலி. இதை ஒரு முறையாவது சமாளித்திருக்க வேண்டும்.

ஜனவரி 11

"வகுப்புக்கும் களத்துக்கும் சம்பந்தமில்லை, கோச் சொன்னது முழுக்கச் சரி" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

தாமஸ் டிலோர்ம் ராணுவ மருத்துவர். சிறு வயதில் ரூமாட்டிக் காய்ச்சலுக்குப் பின் தானே பளு தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் காலில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு, அன்றைய மருத்துவ வழக்கத்துக்கு மாறாகக் கனமான எடையைக் கொடுத்துப் பார்த்தார். 1945இல் கட்டுரையாக எழுதினார். 1948இல் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார்: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் 50, 75, 100 சதவீதம், ஒவ்வொன்றும் பத்து ரெப்ஸ் (பத்து முறை தூக்குவது). இன்று எல்லா ஜிம்மிலும் சொல்லும் 'மூன்று செட், பத்து ரெப்ஸ்' அந்த வழியில் வந்ததுதான்.

பாய்ட் எப்லி காயம்பட்ட போல் வால்ட் வீரர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் எடை அறையில் தனக்காகத் தூக்கிக்கொண்டிருந்தவரை 1969இல் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி தர எடுத்தார்கள். 1978இல் என்எஸ்சிஏ தொடங்கியதற்கு முன்னின்றவர் அவர். இருவருமே முதலில் தங்கள் உடம்பில் செய்து பார்த்தவர்கள், அப்புறம் எழுதி வைத்தவர்கள். எழுதி வைக்காவிட்டால் ஒருவரோடு முடிந்துபோயிருக்கும்.

ஜனவரி 12

வகுப்பில் கற்றது களத்தில் உதவிய ஓர் உதாரணம் கேட்டீர்கள். ஹிக்சனின் 1980 ஆய்வைச் சொல்கிறேன்.

"கார்டியோ செய்தால் பலம் போய்விடும்" என்ற பேச்சுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ராபர்ட் ஹிக்சனின் அந்தக் கட்டுரைதான். மூன்று குழு, பத்து வாரம். ஒரு குழு பலப் பயிற்சி மட்டும், ஒன்று தாங்குதிறன் பயிற்சி மட்டும், மூன்றாவது இரண்டும். மூன்றாவது குழுவின் பலம் ஏறக்குறைய ஏழாம் வாரம் வரை பலப் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே ஏறியது, அப்புறம் நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது.

இளங்கலையில் நான் அறிந்தது இவ்வளவுதான். முதுநிலையில் பேராசிரியர் முடிவுரையை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, செய்முறைப் பகுதியை மட்டும் வரிவரியாகப் படிக்க வைத்தார். பலப் பயிற்சி வாரம் ஐந்து நாள். தாங்குதிறன் பயிற்சி வாரம் ஆறு நாள், ஒவ்வொரு நாளும் முடிந்த அளவுக்குக் கடுமையாக. மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. "உங்கள் வீரர் யாராவது இப்படிப் பயிற்சி எடுக்கிறாரா?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் கை தூக்கவில்லை. இன்னொன்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: ஆக்சிஜன் உறிஞ்சும் உச்ச அளவு இரண்டும் செய்தவர்களுக்கும் நன்றாகவே ஏறியது. அடி வாங்கியது பலம் மட்டும்.

அடுத்த சீசனில் ஒரு தலைமைக் கோச் என்னிடம் வந்து, ஓட்டம் இருக்கிறதால் எடை அறையை மூடிவிடலாமா என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு எடைப் பயிற்சி, மூன்று ஓட்டம். ஹிக்சனின் ஆட்கள் செய்ததன் பக்கத்தில்கூட வராது என்று எடுத்துச் சொன்னேன். கனமான ஸ்குவாட்டையும் கடுமையான ஓட்டத்தையும் வேறு வேறு நாளில் வைத்தோம். எடை அறை திறந்தே இருந்தது. கோச்சிடம் அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் துணிவு கொடுத்தது அந்த ஒரு மணி நேர வகுப்பு.

ஜனவரி 12, பின்னர்

கணக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டவருக்கு: சராசரி, திட்ட விலக்கம், அளவீட்டுப் பிழை. இந்த மூன்றும் கைவசமானால் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். ஆனால் அளவீட்டுப் பிழையைச் சும்மா பாஸ் ஆவதற்காகப் படிக்காதீர்கள். இந்தப் படிப்பின் நடுமுதுகெலும்பே அதுதான்.

ஜனவரி 15

மேலே சொன்ன அளவீட்டுப் பிழை பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு தாவலை எடுத்துக்கொள்வோம்.

இடுப்பில் கை, சட்டென்று இறங்கி மேலே எழும்புவது. பல அணிகள் இதை அடிக்கடி அளக்கின்றன. தாவல் அளக்கும் விலை குறைந்த விரிப்பும் கைபேசிச் செயலிகளும் கால் தரையை விட்டு எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பிடித்து உயரமாக மாற்றும். சூத்திரம் எளிது: புவியீர்ப்பு முடுக்கத்தைக் காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். 0.50 வினாடி என்றால் 30.7 சென்டிமீட்டர். 0.54 வினாடி என்றால் 35.8.

0.04 வினாடி வித்தியாசத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். இப்போது ஒருவர் இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்குகிறார் என்று வையுங்கள். பாதம் தரையைத் தொடுவது தள்ளிப்போகும். அவர் உயரமாகத் தாவவில்லை, தாமதமாக இறங்கினார். எண் மட்டும் ஏறிவிடும். ஆய்வகத்தில் முதல் வாரம் எங்களுக்குள்ளேயே இதைச் செய்து பார்த்தோம். ஒரே ஆள், ஒரே தாவல், நேராகக் கால் வைத்து ஒன்று, மடக்கி ஒன்று. திரையில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது வகுப்பே கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவரை நாங்கள் எல்லோரும் அந்த எண்ணை வைத்துத்தான் 'முன்னேற்றம்' எழுதிக்கொண்டிருந்தோம்.

ஃபோர்ஸ் பிளேட் (மேலே நிற்பவர் தள்ளும் விசையை அளக்கும் தட்டு) வேறு வழியில் போகிறது. வீரர் முதலில் ஆடாமல் நிற்கிறார், உடல் எடை பதிவாகிறது. அப்புறம் தரையை அவர் தள்ளிய விசையில் உடல் எடையைக் கழித்து, நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் கணத்தாக்கு வரும். அதை நிறையால் வகுத்தால் தரையை விடும் வேகம். அதிலிருந்து உயரம். இறங்குவது எப்படி இருந்தாலும் பாதிக்காது. ஆனால் ஆரம்பத்தில் அந்த ஆள் அசைந்து நின்றால் எடையே தப்பாகப் பதிந்து, பின்னால் வருவது எல்லாம் தப்பாகும். அதனால்தான் "அசையாதே, அசையாதே" என்று கத்திக்கொண்டே இருப்போம்.

ஜனவரி 15, மேலே எழுதியதன் தொடர்ச்சி

சரி, தாவலைச் சுத்தமாக அளந்துவிட்டீர்கள். அப்போதும் ஒரே ஆள் இன்று ஓர் உயரம், மறுநாள் வேறோர் உயரம் தாவுவார். ஒரு குழுவை இரண்டு முறை அளந்து, வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை √2ஆல் வகுத்தால் அளவீட்டுப் பிழை கிடைக்கும். உதாரணத்துக்கு அது 1.5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இரண்டு தாவல்களை ஒப்பிடும்போது பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆகவே 1.5ஐ √2ஆல் பெருக்க வேண்டும்: 2.1. இந்த வாரம் உங்கள் வீராங்கனை 2 சென்டிமீட்டர் குறைவாகத் தாவினால் அதை வைத்து மட்டும் அவரை ஓய்வில் உட்கார வைக்க முடியாது. தூங்கினாரா, கால் கனக்கிறதா, எடை அறையில் பார் எப்படி நகர்ந்தது என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே ஒரு முறை தாவ வைக்காதீர்கள். மூன்று தாவலின் சராசரி எடுத்தாலே பிழை கணிசமாகக் குறையும்.

ஜனவரி 16

ஃபோர்ஸ் பிளேட் நிறைய இருக்கிற இடமாகப் பார்த்துச் சேரலாமா என்று ஒரு கேள்வி. இல்லை, ஆய்வகத்தில் எத்தனை ஃபோர்ஸ் பிளேட் இருக்கிறது என்று பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல இடங்களில் அவை முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். முதுநிலை மாணவர் எத்தனை மணி நேரம் தொடலாம் என்று கேளுங்கள்.

ஜனவரி 20

முதல் குறிப்பில் 'ஒரு சீசன் இருந்துவிட்டுச் சேருங்கள்' என்றேன். தனிமடலில் இரண்டு பேர், உதவித்தொகை இந்த ஆண்டோடு போய்விடும், காத்திருக்க முடியாது என்கிறார்கள். நியாயம்தான். அப்படியானால் களப்பயிற்சி படிப்புக்குள்ளேயே இருக்கிற இடமாகப் பாருங்கள். சீசன் அனுபவம் முன்னால் வராவிட்டால் கூடவே வரட்டும். வரவே வராமல் இரண்டாண்டு போவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

களப்பயிற்சி என்று விளம்பரத்தில் எல்லோரும் போடுகிறார்கள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். என்னை முதலில் அனுப்பிய அணியில் கோன் வைப்பதும் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும்தான் வேலை. அதில் குறை ஒன்றுமில்லை, யாராவது செய்தாக வேண்டும். ஆனால் மாதங்கள் போயும் நான் ஒரு வார்ம் அப் கூட நடத்தவில்லை, என் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பெயருக்கு ஒரு மேற்பார்வையாளர், அவரை நான் கையெழுத்து வாங்கும்போது மட்டுமே பார்த்தேன். சம்பளம் இல்லாத ஆள் கிடைத்தார் என்று வைத்துக்கொண்டார்கள். இது மாணவருக்கு இழைக்கும் அநியாயம். இப்போது என்னிடம் வரும் பயிற்சி மாணவர்களுக்கு இரண்டாம் வாரமே வார்ம் அப்பைக் கொடுத்துவிடுகிறேன், நான் பின்னால் நின்று பார்க்கிறேன்.

ஜனவரி 21

நேற்று எழுதியது கசப்பாகவே முடிந்துவிட்டது. இரண்டாவது களப்பயிற்சியைச் சொல்லாமல் விட்டால் தவறு.

அங்கே இருந்த கோச் ஓர் அம்மா. குறைவாகத்தான் பேசுவார். கிளீன் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவருவது) தூக்கும் பையன் ஒருவன் பாரை முழங்காலுக்கு மேல் கொண்டுவந்ததும் கையால் இழுக்க ஆரம்பித்துவிடுவான். நான் பக்கத்தில் நின்று, "முழங்கையை மடக்காதே, இடுப்பை நீட்டு, தோளைப் பின்னால் வை" என்று மூன்று செட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் இன்னும் மோசம். அவர் வந்தார், பார்த்தார். "தரையைத் தள்ளு" என்றார். அவ்வளவுதான். அடுத்த ரெப்பில் கை நேராக இருந்தது.

பின்னால் காப்ரியேலே வுல்ஃப் கவனக் குவிப்பு பற்றிச் செய்த ஆய்வுகளைப் படித்தபோது அந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. தன் உடல் உறுப்பில் கவனம் வைப்பதைவிட வெளியே உண்டாகும் விளைவில் கவனம் வைப்பவர் பொதுவாக நன்றாகச் செய்கிறார் என்பது அந்த ஆய்வுகளின் சாரம். கோச்சுக்கு அந்தக் கட்டுரைகள் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார், அவரும் முதுநிலை படித்தவர்.

ஜனவரி 27

பயிற்சிச் சுமை விகிதம் பற்றிக் கேள்வி. இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை பத்திரம், 1.5க்கு மேல் ஆபத்து என்று சொல்வது. ஆய்வாளர் டிம் காபெட் 2016இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பல அணிகளின் எக்செல் தாளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இது வந்துவிட்டது.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். சுமை என்பது பயிற்சி எவ்வளவு கடினம் என்று வீரர் பத்துக்குச் சொன்ன எண் பெருக்கல் நிமிடம். கார்ல் ஃபாஸ்டரின் முறை. 60 நிமிடம், கடினம் 6 என்றால் 360. மூன்று வாரம் தலா 1000, இந்த வாரம் 2000 என்று வைப்போம். நான்கு வாரச் சராசரி 1250. விகிதம் 1.6. ஆனால் இந்த வாரம் அந்தச் சராசரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே! அதை வெளியே எடுத்து முந்தைய மூன்று வாரத்தால் வகுத்தால் 2.0. ஒரே வீரர், ஒரே வாரம். இன்னும் ஒன்று: இந்த வாரச் சுமையை எவ்வளவு ஏற்றினாலும் முதல் முறையில் விகிதம் 4ஐத் தாண்டவே தாண்டாது. மூன்று வாரம் படுத்துக் கிடந்துவிட்டு வந்து எது செய்தாலும் 4தான்.

இந்த வாரம் சராசரிக்குள்ளும் வந்துவிடுகிற இந்தப் பிணைப்பையும், விகிதம் என்ற வடிவத்தையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். ஃபிராங்கோ இம்பெல்லிசெரி அவர்களில் முக்கியமானவர். அதற்காகச் சுமையைக் குறித்து வைப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. நான் இன்றும் தினமும் குறிக்கிறேன். திடீரென்று ஏற்றினால் உடம்பு தாங்காது என்ற விஷயம் அப்படியேதான் இருக்கிறது. விட வேண்டியது, 1.49 மஞ்சள், 1.51 சிவப்பு என்று ஆளைக் களத்திலிருந்து இறக்குவதை.

ஜனவரி 28

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் எதைத்தான் நம்புவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாவல், சுமை, தூக்கம், வீரரின் வாய்ச்சொல் எல்லாம் ஒரே பக்கம் காட்டினால் நம்புங்கள். ஒன்று மட்டும் தனியாகக் காட்டினால் மறுநாள் மறுபடி அளங்கள். ஜனவரி 15 குறிப்போடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 2

வேலை வாய்ப்பைப் பற்றி நான் தவிர்ப்பதாகச் சொன்னவருக்கு: இடங்கள் குறைவு, போட்டி அதிகம். தலைமைக் கோச் மாறினால் கூடவே ஆட்கள் மாறுவார்கள். பெரிய அணி மட்டுமே கனவாக இருந்தால் மனம் நொந்துபோகும். காயத்திலிருந்து திரும்புபவர்களோடு பிசியோவுக்கும் கோச்சுக்கும் நடுவில் நிற்கிற வேலை இருக்கிறது. ராணுவம், தீயணைப்புப் படை இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி அது. பதிமூன்று வயதுப் பையனுக்கு வளர்ச்சி வேகம் பிடிக்கும் மாதங்களில் நேற்று வரை வந்த அசைவு இன்று வராது, கால் தடுக்கும், குதிகால் வலிக்கும். அது சோம்பேறித்தனம் என்று திட்டாமல், உயரத்தைத் தவறாமல் அளந்து அந்த மாதங்களில் தாவல் எண்ணிக்கையைக் குறைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை விளையாட்டை விடாது.

பிப்ரவரி 6

கேள்வி கேட்ட தம்பிக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. ஒன்று பெயர் பெற்ற இடம், ஆய்வேடு மட்டும். இன்னொன்று பெயர் குறைவு, வாரம் மூன்று நாள் ஓர் அணியோடு.

முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் முதலாவது. நீங்கள் எழுதியதைப் படித்தால் அப்படித் தெரியவில்லை, ஆட்களோடு நிற்கத்தான் ஆசைப்படுகிறீர்கள். இரண்டாவதில் சேருங்கள். சேர்வதற்கு முன் போன ஆண்டு அங்கே முடித்தவர்கள் இருவரிடம் பேசி, மேற்பார்வையாளர் களத்துக்கு வருவாரா, எப்போது முதல் அவர்களாகவே பயிற்சி நடத்தினார்கள், ஆய்வேட்டுக்கு அந்த அணியின் தரவைப் பயன்படுத்த முடிந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் தலைப்பை இப்போதே யோசிக்கலாம். உங்கள் அணியின் தாவலுக்கு அளவீட்டுப் பிழை எவ்வளவு என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் தலைப்பு என்று சிலர் சொல்வார்கள். உங்கள் தலைமைக் கோச்சுக்கு அந்த எண் திங்கட்கிழமை காலையிலிருந்தே தேவைப்படும்.

வகுப்பு தொடங்கும்வரை எக்செல்லில் திட்ட விலக்கம் போட்டுப் பழகுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.